சூட்டோடு மூடிய பீப்பா

பாரிசின் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் யாராவது கற்பூரத் தட்டை மா மூட்டைகளுக்குப் பக்கத்தால் கொண்டுபோனால், கவுண்டரில் நிற்பவர் தலை நிமிராமலே சொல்லுவார்: "ஐங்கரன்ரை வேலை பாக்காதை." கேட்டவர்கள் சிரிப்பார்கள். தட்டு கொஞ்சம் விலகிப் போகும். சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் ஐங்கரனைக் கண்டதுமில்லை. அவன் யார், எப்படிச் செத்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். எல்லாக் கதையிலும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும், ஒரு பிள்ளையார் படம் இருக்கும், தூள் பறக்கிற மில்லுக்குள் கற்பூரம் கொளுத்திய ஒரு விசரன் இருப்பான்.

அந்த விசரனின் மனைவி தயாளினியும் அதே கடைகளில்தான் அரிசி வாங்கினாள். அவளைத் தெரிந்தவர்கள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் முழுவதையும் சொல்லி முடிப்பார்கள். தெரியாதவர்களையே அவளால் தாங்க முடிந்தது.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஊரில் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் ஐங்கரன் அவளைக் கலியாணம் செய்து பாரிசுக்குக் கூப்பிட்டான். அவன் நகரை அடுத்த ஒபர்வில்லியேயில் குகதாசன் என்பவருடைய தூள் மில்லில் வேலை செய்தான். காலையில் போய், முதல்நாள் அரைத்து வைத்த கறித்தூளை அரிக்கும் மெசினில் கொட்டி, அரித்து, பைகளில் அடைப்பது அவன் வேலை. மல்லியும் மிளகாயும் வறுத்து அரைப்பது பின்னேர வேலை. அதைச் செய்தவர் அருட்பிரகாசம். ஒருவர் வீட்டுக்குப் போனபிறகுதான் மற்றவர் வருவார். ஆனாலும் ஐங்கரனுக்கு லாச்சப்பலில் இருந்த ஒரே கூட்டாளி அவர்தான்.

2014 ஆவணியில், தேர்த்திருவிழாவுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை காலை, மில் வெடித்தது. கூரைத் தகரம் அடுத்த தெருவில் கிடந்தது. ஐங்கரன் மட்டும்தான் உள்ளே இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவன் கதவோரப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்துகிறவன் என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் அருட்பிரகாசம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து பித்தளைத் தட்டும் எடுத்தார்கள். வேறென்ன வேண்டும்? குகதாசன் மில்லை மூடிவிட்டு லண்டன் பக்கம் போய்விட்டார். விசாரணைக் கோப்பும், இங்கத்தைய பேச்சில் டொசியே, மூடப்பட்டது.

மில் போனபிறகு அருட்பிரகாசம் ஒரு உணவகத்துக் குசினியில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் தான் இருக்கும் புறநகர் எபினேயிலிருந்து ரயில் எடுத்து ரூ பஜோல் தெருவில் இருக்கும் தயாளினியின் ஒற்றை அறைக்கு வருவார். வரும்போது முருங்கைக்காயோ கணவாயோ கையில் இருக்கும். அவள் சமைப்பாள். அவர் ஐங்கரனின் கதை சொல்லுவார். ஐங்கரன் மெத்ரோவில் நித்திரையாகி எங்கேயோ போய் இறங்கியது, குகதாசனின் நடையை அவருக்குப் பின்னாலேயே நடந்து காட்டி அகப்பட்டது. அவளுக்கு அவனோடு வாழக் கிடைத்தது நாலு வருடம். அதற்கு முந்திய ஐங்கரன் முழுவதும் அருட்பிரகாசத்தின் வாயில்தான் இருந்தான். சொன்ன கதையையே அவர் திரும்பவும் சொல்லுவார். அவளும் முதல்தரம் கேட்பதுபோலக் கேட்பாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அந்த வெள்ளிக்கிழமை காலை மில் கதவைத் திறந்ததும் அவன் அவளுக்குப் போன் எடுத்தான். "இஞ்சை வாசல்லையே மணக்குது, தயா. அருள் அண்ணை நேற்று ஒரு வறுவல் வறுத்திருக்கிறார், பசிக்குது," என்றான். அதுதான் கடைசி. அருட்பிரகாசம் அதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "சாகேக்கையும் என்ரை வறுவலைத்தான் சொல்லியிருக்கிறான், பாருங்கோ தங்கச்சி," என்பார்.

இரண்டரை வருடம் இப்படிப் போனது. 2017 மாசியில் ஆனைஸ் என்ற பெண் தயாளினிக்குப் போன் எடுத்தாள். பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண், பிறந்தது பிரான்சில். பாரிசுக்கு வடக்கே காட்டோரத்தில் இருக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு மாலை வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தட்டுத் தடுமாறுகிற தமிழில் தன் வேலையைச் சொன்னாள்.

"சுவாலை இல்லாம, உள்ளுக்குள்ளயே கனன்றுக்கிட்டு இருக்கிற நெருப்பு இருக்குது இல்லீங்களா அக்கா, அதத்தான் நான் படிக்கிறேன். மாவு, பால் பவுடர், மரத்தூளு, எல்லாத்துலயும் வரும். கீழ கெடக்கும்போது மெதுவா கருகும். அதே தூளு காத்துல பறக்கும்போது அந்தக் கங்கு பட்டுச்சுன்னா வெடிக்கும். பழைய விபத்தெல்லாம் தேடிப் பாத்தேன். ஒபர்வில்லியே டொசியேல கற்பூரம்னு எழுதியிருக்காங்க. எனக்கு அது சரியாப் படல."

தயாளினி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "ஏன் சரியாப் படேல்லை?"

"படம் கதவுகிட்ட. வெடிச்சது சல்லடை மெஷின்கிட்ட. நடுவுல ரொம்ப தூரம்."

"கற்பூரம் இல்லையெண்டு உங்களாலை சொல்ல ஏலுமோ?"

"இப்போ முடியாதுங்க. அதே மாதிரி தூளு செஞ்சு, அதே மாதிரி வெச்சுப் பாத்தா ஒருவேள தெரியும். கடையில வாங்கின தூளு ஆறிப்போன பழைய தூளு. எனக்கு அன்னைக்கு எப்படி வறுத்தாங்களோ அப்படி வேணும்."

வறுத்தவரைத் தனக்குத் தெரியும் என்றாள் தயாளினி. அவள் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. கற்பூரம் இல்லையென்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தப் பேச்சு கடைகளிலிருந்து போய்விடும். அவ்வளவுதான்.

அருட்பிரகாசம் கலியாணத்துக்குப் போகிறவர்போல உடுத்திக்கொண்டு வந்தார். ஆனைஸ் தன் காரில் இருவரையும் ஏற்றிப் போனாள். ஆய்வுகூடத்து முற்றத்தில் பெரிய தாச்சியும் அடுப்பும் தயாராக இருந்தன. ஓர் ஓரத்தில் அரைக்கும் மெசின். அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் கொடுத்தார்கள்.

"உதைப் போட்டா எனக்கு எப்பிடி மணக்கும்?" என்றார் அவர். "மேடம், வறுவல் எண்டது கண்ணாலை பாக்கிற வேலையில்லை. மூக்கை மூடிப்போட்டு வறுக்கச் சொல்லுறது, கண்ணைக் கட்டிப்போட்டுக் கார் ஓடச் சொல்லுற மாதிரி."

"அப்போ மூக்குக்கு மட்டும் இறக்கிக்குங்க," என்றாள் ஆனைஸ். "எங்க சேஃப்டி ஆளு பாக்காம."

மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை என்று முறையாக வறுத்தார். வறுபட்டதை ஆறவிடாமல் மெசினில் போட்டார். செம்மண் நிறத்தில் சுடச்சுடத் தூள் பீப்பாவுக்குள் விழுந்தது. அன்றைக்கு மில்லில் இருந்ததுபோலவே ஆளின் நெஞ்சளவு உயரமான தகரப் பீப்பா.

"இத ஆற வெக்க மாட்டீங்களா?" என்று ஆனைஸ் கேட்டாள்.

"ஆறவிட்டா அது தூளில்லை, மண். சூட்டோடை அரைச்சு, சூட்டோடை மூடவேணும். அப்பதான் வாசம் உள்ளுக்கு நிக்கும். தங்கச்சியைக் கேட்டுப்பாருங்கோ, எங்கடை ஆக்கள் எல்லார் வீட்டிலையும் அப்பிடித்தான்."

தயாளினி ஓம் என்று தலையாட்டினாள். அவளும் போத்தலில் அப்படித்தான் அடைப்பாள்.

"எப்பவும் இந்த பீப்பாதானா?"

"இல்லை இல்லை. சின்னச் சின்னச் சாக்கிலைதான் கட்டுறனாங்கள். அந்தக் கிழமை தேருக்கெண்டு ஓடர் கூட. முதலாளி எங்கையோ இருந்து பெரிய பீப்பாவைக் கொண்டுவந்து வைச்சார். நான் மேலுக்கு ஈரமில்லாத சாக்குப் போட்டு, சுத்திவர இறுக்கிப்போட்டுத்தான் போனனான். அவன் காலமை திறக்கேக்கை வாசம் அப்பிடியே இருக்கவேணுமெண்டு." அப்படியே செய்தும் காட்டினார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல நாலு பக்கமும் சாக்கைச் செருகினார். ஆனைஸ் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஐங்கரனைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஆனைஸ் கூப்பிட்டபோது அருட்பிரகாசத்துக்குக் குசினி வேலை. தயாளினி தனியாகப் போனாள்.

பீப்பாவைத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். போர்த்திய சாக்கு போர்த்தியபடியே இருந்தது. புகை இல்லை, சிவப்பு இல்லை. உள்ளே செருகியிருந்த கம்பிகள் வெப்பத்தை ஒரு திரையில் கோடாக வரைந்துகொண்டிருந்தன. ஓரத்துக் கோடுகள் தாழ்ந்து போயிருந்தன. நடுக்கோடு மட்டும் மேலே மேலே ஏறியிருந்தது. ஆனைஸ் ஒரு சிறிய குழாயைத் திறந்து, "மோந்து பாருங்க," என்றாள்.

நல்ல வாசம். அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியதுபோல, பசி கிளப்புகிற வாசம்.

"வறுத்தது நேத்து, அக்கா. ஆறியிருந்தா இவ்வளவு வராது. உள்ள எரியறதுதான் இப்படி மணக்குது. வறுக்கிற எடத்துல இந்த வாசத்த யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

தயாளினி குழாயிலிருந்து முகத்தை எடுத்தாள். வாசல்லையே மணக்குது, தயா. கதிரை ஒன்று கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். ஆனைஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றாள். வேண்டாம், செய்யுங்கோ என்று தயாளினி சொன்னாள்.

ஓர் இரும்புக் கை பீப்பாவைத் தூக்கி, ஐங்கரன் அன்று காலை செய்ததுபோல, சல்லடைத் தொட்டிக்குள் சாய்த்தது. செந்நிறத் தூசு மேலெழுந்தது. அதன் நடுவே ஏதோ ஒன்று செக்கச்செவேலென்று உருண்டு விழுந்ததை ஒரு கணம் கண்டாள். பிறகு அறை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது, பெரிய கதவொன்றைச் சாத்துவதுபோல.

எல்லாம் அடங்கியபிறகு ஆனைஸ் இரும்புத் தட்டில் ஒரு கரிக்கட்டியை எடுத்துவந்தாள். தேங்காயளவு. வெளியே கருமை, உடைத்தால் உள்ளே சாம்பல். பக்கத்தில் டொசியேயிலிருந்து ஒரு படத்தை வைத்தாள். ஒபர்வில்லியே இடிபாட்டுக்குள், கவிழ்ந்த பீப்பாவுக்குப் பக்கத்தில், அதே போன்றதொரு கட்டி.

"அப்போ யாரும் இத என்னன்னு கேக்கல. வெடிக்கிற தீ ஒரு நொடிதான் இருக்கும், மேலோட்டமாப் பொசுக்கிட்டுப் போயிடும். இப்படிக் கட்டியாகணும்னா ராத்திரி முழுக்க வேணும்."

"அப்ப கற்பூரம் இல்லை."

"அன்னைக்கு அவரு கற்பூரம் ஏத்தலன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஏத்தியிருக்கலாம். ஆனா வெடிக்கிறதுக்கு அது தேவைப்படல. நெருப்பு முந்தின நாளே பீப்பாக்குள்ள இருந்திருக்குது. நான் அப்படித்தான் எழுதப் போறேன்."

தயாளினி கரிக்கட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாங்கள் வீட்டிலையும் சூட்டோடைதானே மூடுறம்? ஒருநாளும் ஒண்டும் நடக்கேல்லையே."

"போத்தல் சின்னது. சூடு வெளிய போயிடும். பெரிய குவியல்ல நடுவுல இருக்கிற சூட்டுக்குப் போக எடமில்ல. போகாத சூடு ஏறும். அவரு செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க, அளவுதான் மாறிடுச்சு. அத அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

அந்த 'அவரு' யார் என்று இருவரும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை தயாளினி காலையில் அலுவலகங்களைத் துடைத்தாள், பின்னேரம் வந்து படுத்தாள். ஆனைஸ் எழுதுவது பிரெஞ்சில், படித்தவர்கள் படிக்கிற ஏதோ ஒரு சஞ்சிகையில் வரும். லாச்சப்பலில் அதை ஒருவரும் படிக்கப் போவதில்லை. அவள் வாய் திறந்தால் ஐங்கரன் விசரன் இல்லை என்றாகும். திறக்காவிட்டால் சனிக்கிழமைகள் இருக்கும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் முடிவாகவே இருந்தாள். பிறகு, அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் போன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். அந்தக் கதையை இனி அவளால் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அவர் சோறு குழைக்கத் தொடங்கமுன்னமே சொல்லிவிட்டாள். கோடுகள், வாசம், கட்டி எல்லாம். அளவுதான் பிழை என்று ஆனைஸ் சொன்னதை இரண்டுதரம் சொன்னாள்.

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப அவன் போனிலை சொன்ன மணம்," என்றார்.

அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் வடிவா மூடிப்போட்டுப் போனனான், தங்கச்சி. சாக்கு ஒண்டு காணாதெண்டு ரண்டு போட்டனான்."

"உங்களுக்குத் தெரியாது அண்ணை. ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாமல்தான். ஓம்." எழுந்து கையைக் கழுவினார். சாப்பாட்டில் கை வைத்திருக்கவே இல்லை, என்றாலும் கழுவினார். மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவள் போன் எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றது. ஒருநாள் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் அவளுக்குக் கிட்ட வந்தார். ஐங்கரனைப் பற்றி அதிகமாகச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்குத் தெரியாமல் போச்சு. அருட்பிரகாசம் வந்து சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"கற்பூரம் இல்லையாம், தான்தானாம். ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிச் சொல்லிப்போட்டுப் போறார். மூண்டு வருசமா ஆளை வாய் கூசாமல் ஏசியிருக்கிறம், பாருங்கோ." பிறகு அவர் திரும்பி, பின்னால் தூள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "சூடெண்டா கட்டாதை அப்பா, திறந்து விடு. அருட்பிரகாசத்தின்ரை வேலை பாக்காதை," என்றார். அடுக்கியவர் சிரித்தார்.

தயாளினி வெண்டிக்காயைத் தராசில் வைக்காமலே வெளியே வந்தாள்.

எபினேயில் அவர் இருந்த கட்டிடத்தை அவளுக்குத் தெரியும். அங்கே அவரோடு அறையில் இருந்தவர், இன்னும் வேலையால் வரவில்லை என்றார். அவள் ரயில் நிலையத்துக்குத் திரும்பிப் போய் வாசலில் நின்றாள். தூறிக்கொண்டிருந்தது. இறங்கி வருகிறவர்களுக்குள் அவரைக் கண்டபோது, அவரும் கண்டார். ஒதுங்கிப் போக வழி இருக்கவில்லை.

"இஞ்சை ஏன் நனைஞ்சுகொண்டு நிக்கிறியள்?" என்றார்.

"போன் எடுத்தா நீங்கள் தூக்கேல்லை."

"வேலை கூட."

"கடை கடையாப் போக நேரம் இருந்திருக்கு."

அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்.

"ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்? நான் உங்கடை பேரை ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. கற்பூரம் இல்லையெண்டு மட்டும் சொல்லியிருந்தாக் காணாதோ?"

"காணாது. அப்ப என்னெண்டு கேப்பினம். பழி சும்மா இறங்காது தங்கச்சி, இன்னொருதற்றை தோளைப் பாத்துத்தான் இறங்கும். விசாரணைக்கு வந்தவங்களிட்டைக் கற்பூரத்தைச் சொன்னது நான். அதை எடுக்கவேண்டினதும் நான்தானே."

"எங்கடை எல்லாற்றை வீட்டிலையும் அப்பிடித்தான் மூடுறம்."

"வீட்டிலை ஒருதரும் சாகேல்லை."

ஒரு ரயில் போனது. பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் ரயில் ஏறி வந்திருந்தாள். வழியில் பலதரம் சொல்லியும் பார்த்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"இருக்கு," என்றாள். "ஏனெண்டு தெரியேல்லை. இருக்கு. நீங்கள் சனிக்கிழமை வாங்கோ."

அவர் வந்தார். கணவாய் கொண்டுவந்தார். அவள் சமைத்துப் பரிமாறினாள். வழக்கமான கதிரையில் இருந்து சாப்பிட்டார். கணவாயைக் கண்டால் ஐங்கரனைப் பற்றி ஒரு கதை இருந்தது, நீந்தத் தெரியாமல் கடலுக்குள் இறங்கிய கதை. அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவர் மழை விடாதுபோல இருக்கிறது என்றார். ஓம், கிழமை முழுக்க இருக்குமாம் என்று அவள் சொன்னாள். கீழே தெருவில் யாரோ சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ, அண்ணை?"

"காணும், தங்கச்சி."